பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அம்பிட்டியவிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் நனைந்தபடி வந்து நின்றான். உயர்தரத்தில் அவனுக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். பரீட்சையில் அவன் என்ன பெறுபேறு எடுத்தான் என்பதை விடுவோம். கிட்டார் நன்றாக வாசிப்பான். துவாயை வாங்கித் தலையைத் துடைத்த கையோடு கைபேசியை நீட்டினான். திரையில் இரண்டு கறுப்புப் பெட்டிகள்.

"சேர், ரெண்டுல எத எடுக்கிறது?"

ஒன்று பீவி 6505. வெளிநாடு போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் கொழும்புக் கிட்டார்காரர் ஒருவர் விற்கிறார். மற்றது மெசா பூகி டுவல் ரெக்டிஃபயர். யாரோ ஒருவரின் உறவினர் ரொறன்ரோவிலிருந்து கப்பலில் அனுப்பியது, கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டு மூலையில் கிடக்கிறதாம். இரண்டும் வால்வு அம்ப். ஒன்று 120 வாட், மற்றது 100 வாட். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு மாதமாக யூடியூப்பில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக் குழம்பிப்போயிருந்தான்.

"பின்பக்கத்துப் படம் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். இல்லை. முன்பக்கத்தைத்தான் பல கோணங்களில் எடுத்து வைத்திருந்தான். குமிழ்கள், சிவப்பு விளக்கு, லொறித் தட்டில் அடிப்பதுபோன்ற புள்ளித் தகடு. அழகாகத்தான் இருந்தன.

நம் வீடுகளில் கிட்டார் என்றால் ஒரு காலத்தில் பொப்பிசை. ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாட, பின்னால் கிட்டார் தாளத்தோடு ஒட்டித் துள்ளும். அதற்குத் தெளிவான சத்தம் போதும். இவன் வாசிப்பது வேறு. இலங்கையில் ஸ்டிக்மாட்டா என்ற மெட்டல் குழு 1999இல் தொடங்கியது. கண்டியிலேயே பரனாய்ட் எர்த்லிங் என்ற ராக் குழு 2001இல் தொடங்கியது. அந்த வழியில் வருகிற பிள்ளைகளுக்குக் கிட்டார் உறும வேண்டும். உறுமல் கிட்டாரில் பிறப்பதில்லை, அம்பில்தான் பிறக்கிறது. அதனால்தான் கிட்டாரை விட அம்பைப் பற்றி இவ்வளவு சண்டை.

எங்கள் வீட்டில் அப்பாவின் வானொலிக்கு ஒரு பச்சைக் கண் இருந்தது. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. அரை நிமிடம் பொறுக்க வேண்டும். உள்ளே எங்கோ மெல்லிய செம்மை படரும், பிறகு கண் விழிக்கும், அதன் பிறகுதான் இலங்கை வானொலி. அந்த அரை நிமிடம் வால்வு சூடாகும் நேரம். தோட்டத்துக் காமன் கூத்தில் தப்படிக்கிறவர்கள் முதலில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவார்களே, காயாத தப்பு பேசாது. வால்வும் அப்படித்தான்.

காற்றை எடுத்துவிட்ட கண்ணாடிக் குழாய்க்குள் கதோட்டு என்றொரு சிறு உலோகக் குழல். அதை 700, 800 பாகைக்குச் சூடாக்கினால் மேற்பரப்பிலிருந்து இலத்திரன்கள் கிளம்பிவிடும். நாங்கள் இதைத்தான் வெப்பவயன் காலல் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டோம். சுற்றி நிற்கும் அனோட்டுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் நேரழுத்தம் கொடுத்தால் கிளம்பிய இலத்திரன்கள் அங்கே பாயும். இதுவரை 1904இல் பிளெமிங் செய்தது. 1906இல் லீ டி பொரஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையைச் செருகினார். அதுதான் நெய்யரி. வலையில் சிறிது எதிரழுத்தம் வைத்தால் ஓட்டம் குறையும், இன்னும் கொஞ்சம் வைத்தால் நின்றே போகும். மதகுப் பலகையை ஒரு விரல்கடை உயர்த்தினால் வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் பாய்கிற மாதிரி, வலையில் ஒரு வோல்ட் ஆடினால் அனோட்டில் அறுபது வோல்ட் ஆடும். பெருக்கம் என்பது இவ்வளவுதான்.

கண்டிக்கு வால்வு புதிதல்ல. 1944 ஏப்ரலில், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் குடியேற்றினார். அன்றைய இராணுவ வானொலி எல்லாம் வால்வில் ஓடியவை. அரச மரங்களுக்கும் மூங்கிலுக்கும் நடுவே எத்தனை ஆயிரம் கண்ணாடிக் குழாய்கள் சிவந்து கிடந்திருக்கும் என்று அந்தப் பூங்காவில் நடக்கும்போதெல்லாம் நினைப்பேன். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, வால்வு எல்லா இடத்திலிருந்தும் போனது. கிட்டார்காரர்கள் மட்டும் விடவில்லை.

ஏன் விடவில்லை என்பதற்கு ஒரு கணக்குப் போட வேண்டும். இந்த அம்ப்களின் முன்பாதியில் இருப்பது 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு. ஐரோப்பாவில் இதற்கு ஈசிசி83 என்று பெயர். கட்டை விரலளவு கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 மடங்கு பெருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கிட்டார் கம்பியின் அதிர்வு அம்புக்கு வந்து சேரும்போது கிட்டத்தட்ட 0.1 வோல்ட். முதல் படியில் அது 6 வோல்ட். இரண்டாவதில் 360. மூன்றாவதில் 21,600 வோல்ட்! ஆனால் அந்தப் படிக்கு மின்வழங்கி கொடுப்பதோ முந்நூறு, நானூறு வோல்ட்தான். கூரை முந்நூறடி உயரத்தில் இருக்கும்போது இருபதாயிரம் அடி உயரப் பட்டம் விட முடியாது. அலையின் தலை கூரையில் முட்டித் தட்டையாகும். உண்மையில் ஒவ்வொரு படிக்கு நடுவிலும் தடையிகளை வைத்து அலையைக் குறைத்தே அனுப்புகிறார்கள், இருந்தும் முட்டத்தான் செய்கிறது. முட்டவேண்டும் என்பதுதான் நோக்கம். 'ஹை கெயின்' என்ற சொல்லுக்குப் பொருள் சத்தம் பெரிதாவது இல்லை. கூரை எவ்வளவு சீக்கிரம் இடிக்கிறது என்பதுதான்.

அலை தட்டையானால் என்ன ஆகும்? புதுச் சுரங்கள் பிறக்கும். கிட்டாரின் ஐந்தாம் கம்பி 110 ஹேர்ட்ஸ். அதை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். சிதைந்த அலையில் 220 இருக்கும், அது மேல் ஸட்ஜம். 330 இருக்கும், அது மேல் பஞ்சமம். 440 இன்னும் ஒரு ஸட்ஜம். 550 அந்தர காந்தாரம். தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்து மீட்டினால் யாரும் தொடாத அந்தர காந்தாரம் கேட்கும் என்று பாட்டு வாத்தியார்கள் சொல்வார்களே, அதே காந்தாரம்தான் இது. தம்புராவின் பாலத்தில் கம்பிக்கு அடியில் ஒரு நூல் வைக்கிறோம், ஜீவாளி என்று. அது இல்லாவிட்டால் தம்புரா மொட்டையாக ஒலிக்கும். நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் ரீங்காரம் எழும், மேற்றொனிகள் கொத்துக் கொத்தாக வரும். சுத்தமான ஒலியை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்து அதற்கு உயிர் கொடுக்கும் வித்தை நம்மிடம் வால்வுக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. மெட்டல் இசையைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும் தாத்தாமாரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு கம்பிகளைச் சேர்த்து அடிக்கும்போது வேடிக்கை இன்னும் கூடும். 110 ஸட்ஜம், 165 பஞ்சமம். சிதைக்கும் சுற்றுக்குள் இரண்டும் ஒன்றாகப் போனால் அவற்றின் வித்தியாசமும் ஓர் ஒலியாக வெளியே வரும்: 55. கீழ் ஸ்தாயி ஸட்ஜம். கிட்டாரில் அப்படியொரு கம்பியே கிடையாது, மலை நகர்கிற மாதிரிக் கீழே ஒன்று உறுமும். அதனால்தான் இந்தப் பிள்ளைகள் ஸட்ஜமும் பஞ்சமமுமாக மட்டும் பிடிக்கிறார்கள். நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் கெட்டது. கிட்டாரின் கட்டைகள் சமன் செய்த சுரத்துக்கு அடிக்கப்பட்டவை. காந்தாரம் 137.5இல் நிற்க வேண்டிய இடத்தில் 138.6இல் நிற்கும். வித்தியாசம் 28.6 என்று வரும். 27.5 ஆக இருந்திருந்தால் இன்னொரு ஸட்ஜமாகப் போயிருக்கும். 28.6 எதோடும் ஒட்டாது. தெளிவான அம்பில் காதுக்கே தெரியாத அந்த ஒரு ஹேர்ட்ஸ் சொச்சப் பிசகு ஹை கெயினில் கலங்கிய குட்டையாகிவிடும்.

சரி, இந்த இரண்டு பெட்டிகளில் எது நன்றாகச் சிதைக்கிறது?

இங்கேதான் என் மாணவன் எதிர்பார்க்காத செய்தி. முன்பாதியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1980களின் பிற்பகுதியில் மைக் சோல்டானோ என்பவர் எஸ்.எல்.ஓ. 100 என்றோர் அம்ப் செய்தார். அதற்கு முன் ராக் உலகத்துக்கு மார்ஷல்தான் பெரிய பெயர். மார்ஷலின் ஒரு வால்வில் கதோட்டுக்குக் கீழே 10 கிலோஓம் தடையி இருக்கும். அது வால்வைப் பாதி மூடிய நிலையில் நிறுத்தும். அலையின் ஒரு பக்கம் சீக்கிரம் வெட்டுப்படும். சோல்டானோ அந்த இடத்தில் 39 கிலோஓம் போட்டார். வால்வு ஏறக்குறைய மூடியே கிடக்கும். மதகை அடித்தரை வரை இறக்கிவிட்டுப் பெரிய அலைகளை மட்டும் மேலால் வழியவிடுவது போல. அந்த ஒரு தடையியிலிருந்து இறுக்கமும் மூர்க்கமும் கலந்த ஓர் ஒலி பிறந்தது. ராக் கிட்டார்காரர் எடி வான் ஹேலன் அந்த அம்பை வாங்கி வாசித்தார். பிறகு 1992இல் பீவி நிறுவனம் அவருக்கென்று 5150 என்ற அம்பைக் கொண்டுவந்தது. ஆளைப் பிடித்து மனநல வைத்தியத்துக்கு அனுப்பும் கலிபோர்னியச் சட்டப் பிரிவின் எண் அது. அவருடைய வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் அதே பெயர். வான் ஹேலன் பீவியை விட்டுப் போனபோது பெயரையும் கூடவே கொண்டுபோனார், சுற்று பீவியிடம் தங்கியது. 1965இல் தொடங்கிய நிறுவனத்துக்கு 2005இல் நாற்பது வயது. 65, 05. அதுதான் 6505.

ரான்டல் ஸ்மித்தின் மெசா பூகியும் அதே 90களின் தொடக்கத்தில் டுவல் ரெக்டிஃபயரை இறக்கியது. இரண்டு பெட்டியையும் திறந்து சோல்டானோவின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த 39 கிலோஓம் இரண்டிலும் உட்கார்ந்திருக்கும். முன்பாதியில் இரண்டிலும் தலா ஐந்து 12ஏஎக்ஸ்7, பின்பாதியில் தலா நான்கு 6எல்6. குமிழ்களின் அளவுகளில், தொனிச் சுற்றின் சில பெறுமானங்களில் வேறுபாடுகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கெயின் குமிழைத் திருகித் திருகி இரண்டில் எது 'அதிகம்' என்று தேடுவது, அண்ணன் தம்பியில் யாருக்கு அம்மாவின் மூக்கு என்று தேடுவது போலத்தான்.

வித்தியாசம் பின்னால் இருக்கிறது.

நான்கு 6எல்6களும் இரண்டிரண்டாகப் பிரிந்து வேலை செய்கின்றன. உரலில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒருத்தி ஓங்கும்போது மற்றவள் போடுவாள். அலையின் மேல்பாதி ஒரு சோடிக்கு, கீழ்ப்பாதி மறு சோடிக்கு. கைமாறும் இடத்தில் சிறு தாமதம் விழுந்தால் தாளத்தில் ஒரு பல் தெரியும். பீவியில் வால்வுகளை வேண்டுமென்றே சற்றுக் குளிராக, அதாவது சும்மா இருக்கும்போது குறைந்த ஓட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பல் கொஞ்சம் தெரியும், சத்தத்தில் ஒரு சொரசொரப்பு வரும். பதிலுக்கு வால்வு நீண்ட நாள் உழைக்கும். கண்டியிலிருந்து யோசிக்கிறவனுக்கு இந்தப் பதிலுக்குப் பதில் பிடித்திருக்கிறது.

அடுத்தது எதிர்ப் பின்னூட்டம். ஒலிபெருக்கியின் கூம்பு ஊஞ்சல் மாதிரி. தள்ளிவிட்டு நிறுத்தினாலும் தன் பாட்டுக்கு இன்னும் இரண்டு ஆட்டம் ஆடும். ஒவ்வொரு கூம்புக்கும் தனக்கென்று ஒரு பரிவு அதிர்வெண் உண்டு. கிட்டார்ப் பெட்டிகளில் அது பெரும்பாலும் 75இலிருந்து 120 ஹேர்ட்ஸுக்குள் விழும். அங்கே ஆட்டம் அதிகம். வெளியே போன சமிக்ஞையில் ஒரு துளியை எடுத்துத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி அனுப்பினால், அம்ப் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். ஊஞ்சலைக் கை வைத்து நிறுத்துகிற மாதிரி. பீவி இதை வைத்திருக்கிறது. அடிக்குரலில் மட்டும் பிடியைத் தளர்த்த ஒரு தனிக் குமிழும் உண்டு. எவ்வளவு தளர்த்துவது என்பது உங்கள் கையில். டுவல் ரெக்டிஃபயரின் 'மொடர்ன்' நிலையில் அந்தக் கையையே எடுத்துவிடுகிறார்கள். கூம்பு தன் இஷ்டத்துக்கு ஆடும். அடிக்குரல் பொங்கும். மெதுவான, கனமான பாட்டில் அது அற்புதம். பதினாறாம் காலத்தில் 'ஜக் ஜக் ஜக்' என்று வலக்கையால் கம்பியை அமுக்கி வெட்டுகிறவனுக்கு ஒரு ஜக் முடிவதற்குள் அடுத்தது வந்து ஏறிவிடும். என் மாணவன் வெட்டுகிற ஆள்.

மூன்றாவது, மெசாவின் பெயரிலேயே இருக்கிற சீராக்கி. சுவரிலிருந்து வரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குவது அதன் வேலை. இதைச் சிலிக்கன் டயோட்டாலும் செய்யலாம், வால்வாலும் செய்யலாம். வால்வுச் சீராக்கிக்கு உள்தடை அதிகம். பலமாக ஓர் அடி அடித்தால் மின்னழுத்தம் ஒரு கணம் தொய்ந்து பிறகு நிமிரும். விரலுக்கு அது மெத்தையில் கால் வைப்பது போல இருக்கும் என்பார்கள். டுவல் ரெக்டிஃபயரில் இரண்டும் உண்டு, ஒரு சுவிட்சால் மாற்றலாம். பீவியில் சிலிக்கன் மட்டுமே. விளம்பரத்தில் இது பெரிய விஷயம். ஆனால் தொய்வு வர வேண்டுமானால் பின்பாதி வால்வுகள் நிறைய ஓட்டம் இழுக்க வேண்டும். அதற்கு ஒலியளவைக் கணிசமாக ஏற்ற வேண்டும். வீட்டறையில் ஒலிக்குமிழை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே வைத்திருப்பவன் அந்தச் சுவிட்சை நாள் முழுக்க மாற்றிக்கொண்டிருந்தாலும் பெரிதாக ஒன்றும் கேட்கப்போவதில்லை.

ஏற்றத்தான் முடியுமா? இந்த அம்ப்களோடு பலரும் மாட்டும் ஒலிபெருக்கி செலெஸ்டியன் விண்டேஜ் 30. அதற்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 100 டெசிபெல் வரும். ஒரு வாட்! வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும், பத்து மடங்காக்கினால் 10. ஆகவே 100 வாட்டில் ஒரு கூம்பிலிருந்தே 120 டெசிபெல், காது நோகும் எல்லை. 120 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு டெசிபெல்கூட இல்லை. அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். காதுக்குப் பாதுகாப்பான கணக்கு 85 டெசிபெலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் கால் மணி நேரம்.

அதோடு கண்டி ஒரு கிண்ணம். நடுவில் வாவி, சுற்றி மலை. பகலில் தரைச் சூட்டால் ஒலி மேலே வளைந்து கலையும். மாலையில் பள்ளத்தில் குளிர்காற்று தேங்கி, மேலே சூடான காற்று மூடிபோட்டுக்கொள்ளும் நாட்களில் ஒலி கீழே வளைந்து தண்ணீரைத் தடவிக்கொண்டு தூரத்துக்குப் போகும். பெரஹரக் காலத்தில் மேட்டு வீடுகளில் இருப்பவர்களைக் கேளுங்கள், மேளம் எங்கே நிற்கிறது என்று சொல்வார்கள். எசல மாதத்து மேளத்தை ஊர் பொறுக்கும். அம்பிட்டியவில் செவ்வாய்க்கிழமை இரவு ஒருவன் 100 வாட்டைத் திறந்தால் பொறுக்காது.

இனி மின்சாரத்துக்கு வருவோம். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். "ஸ்டெப் டவுன் ஒண்டு போட்டாச் சரிதானே சேர்" என்றான். வோல்ட்டுக்குச் சரி. ஹேர்ட்ஸை அது மாற்றாது. நிலைமாற்றியின் இரும்புக்குள் ஓடும் காந்தப் பாயம் வோல்ட்டை அதிர்வெண்ணால் வகுத்த அளவில் இருக்கும். இதைத்தான் அவனுக்கு நான் வகுப்பில் படிப்பித்தேன், அவன் அன்று யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருப்பான். 60க்கென்று அளந்து செய்த இரும்பை 50இல் ஓட்டினால் பாயம் 20 வீதம் கூடும். தாராளமாகச் செய்த நிலைமாற்றி தாங்கும். சிக்கனமாகச் செய்தது சூடேறி இரையும். கடைசியில் ஒரு நாள் மணக்கும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. மண்கம்பி சரியில்லாத வீட்டில் அம்ப் முனகும். நம் ஊரில் அந்த முனகல் 50இலும் 100இலும் வரும், ஏறக்குறைய மேற்கத்தைய ஜி சுரம். ரொறன்ரோவில் 60. அது எந்தச் சுரத்திலும் நிற்காது, ஏ ஷார்ப்புக்கும் பிக்கும் நடுவே தொங்கும். பெட்டி கடல் தாண்டி வந்தால் முனகலின் சுருதியும் மாறிவிடுகிறது.

சூட்டுக் கணக்கும் பார்த்துவிடலாம். நான்கு 6எல்6 தலா 0.9 அம்பியர், ஐந்து 12ஏஎக்ஸ்7 தலா 0.3 அம்பியர், எல்லாம் 6.3 வோல்ட்டில். மொத்தம் 32 வாட், கம்பியைச் சிவக்க வைக்க மட்டும். மெசாவின் இரண்டு 5யூ4 சீராக்கி வால்வுகள் தலா 5 வோல்ட் 3 அம்பியர். அது இன்னொரு 30 வாட். ஒரு சுரம் வாசிப்பதற்கு முன்பே இவ்வளவு. சூட்டுக்கம்பிக்கு அழுத்தம் பத்து வீதம் வரை கூடிக் குறையலாம், அதற்கு மேல் போனால் வால்வின் ஆயுள் குறையும். எங்கள் பக்கத்து மேட்டில் மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டு விளக்கும் எரிந்தால் என் மானி 205 காட்டும். பத்து வீதம் தாண்டியாயிற்று. டுவல் ரெக்டிஃபயரின் பின்பக்கத்தில் 'ஸ்பொஞ்சி' என்றொரு சுவிட்ச் இருக்கிறது, மின்னழுத்தத்தை இறக்கிச் சத்தத்தை மெத்தென்று ஆக்க. மேட்டு வீட்டுக்காரனுக்கு அந்தச் சுவிட்சுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பின்னேரமானால் தானாக வரும்.

வால்வு மாற்ற வேண்டி வருமே, அதையும் சொல்லியாக வேண்டும். இன்று உலகத்தில் கிட்டார் வால்வு பெரும்பாலும் மூன்று நாட்டிலிருந்து வருகிறது: ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியதாகச் செய்தி வந்ததும் விலை ஏறிவிட்டது. அதே மார்ச் கடைசியில்தான் நமக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. வால்வு இருந்தாலும் அதைச் சூடாக்க வழியில்லாத நாட்கள். இரண்டு அம்பும் ஒரே வகை வால்வைத்தான் தின்னும், மெசா கூடுதலாக இரண்டு 5யூ4 கேட்கும்.

"அப்ப சத்தத்துல ஒரு வித்தியாசமும் இல்லையா சேர்?" என்று முகம் வாடிக் கேட்டான். இருக்கிறது, சொன்னேனே. ஆனால் மேடையில் அவனுடைய பெட்டிக்கு முன்னால் யாரோ ஒரு மைக்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து இரண்டு விரல் ஓரமாக நகர்த்தினால் வரும் மாற்றம் சில வேளை பீவிக்கும் மெசாவுக்கும் இடையே உள்ளதை விடப் பெரிது. கூம்பை எடுத்துவிட்டு இந்த அம்பின் ஒலியை நேரே கேட்டால் தகரப் பேணிக்குள் குளவி அடைத்த மாதிரி இருக்கும். விண்டேஜ் 30 போன்ற கூம்புகள் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே கதவைச் சாத்திவிடுவதால்தான் அது இசையாகிறது. காசு மிஞ்சினால் ஒலிபெருக்கியில் போடு என்றேன்.

அடுத்த வாரம் கட்டுகஸ்தோட்டைக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பிப் படமெடுத்து அனுப்பினான். 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். கொழும்புப் பெட்டியில் 230, 50. அவன் பீவியை எடுத்தான். மெதுவாக, கனமாக வாசிக்கிறவனாக இருந்து, மெசாவும் 230இல் கிடைத்திருந்தால் அதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

பழைய வால்வு அம்ப் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் திறந்து பார்க்க ஆசை வரும். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கொள்ளளவிகளில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வால்வு வானொலி திருத்திப் பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அந்தத் திருகாணிகளில் கை வைக்காதீர்கள்.